கவர் பிரிக்காத ஜாக்கெட்

ஏரியில் ஓடிய உல்லாசப் படகில், சோபா இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டிக்குள், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தது ஒரு லைஃப் ஜாக்கெட். சோதனைக்கு அதிகாரி வரும் அன்று மட்டும் அதை வெளியே எடுத்துக் காட்டுவார்கள். ஒரு கறை படாத உடம்பு என்று அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடு ஏரியில், படகைத் தாங்கும் இடது மிதவை கீழேயிருந்து கூப்பிட்டது. "தம்பி, வெல்டிங் விட்டுப்போச்சு. என் வயித்துக்குள்ள தண்ணி ஏறுது. மேல இருக்கிறவங்ககிட்ட சொல்லு."

ஜாக்கெட் சோபாவை முட்டியது. "அக்கா, கொஞ்சம் திறந்து விடுங்க."

"குடும்பத்தோட உட்கார்ந்திருக்காங்க. எழுந்திருங்கன்னு எப்படிச் சொல்றது? மரியாதையா இருக்காது" என்றது சோபா.

ஸ்பீக்கரைக் கூப்பிட்டுக் கெஞ்சியது ஜாக்கெட்.

"இந்தப் பாட்டு முடியட்டும், சொல்றேன்" என்றது ஸ்பீக்கர்.

பாட்டு முடிவதற்குள் படகு கவிழ்ந்துவிட்டது.

மறுநாள் கிரேன் வைத்துப் படகைத் தூக்கினார்கள். கரையில் ஐந்து பேரை வரிசையாகக் கிடத்தித் துணி போர்த்தியிருந்தார்கள். முதலாளி ஜாக்கெட்டை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லவேளை, கவர்கூடக் கிழியல."

அடுத்த மாதம் புதுப் படகின் சோபாவுக்கு அடியில் அதைத் திணித்தார்கள். மேலே ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்த கனம் அதற்குத் தெரிந்தது.