பூங்காவை மூட வந்தவர்

பூங்காவை மூடிவிட்டுக் கடைகள் கட்டலாமா என்று பார்க்க நகராட்சி அதிகாரி ஒருவர் வந்தார். போனில் யாரையோ திட்டித் தீர்த்துவிட்டு, புங்கமரத்தடி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

மரத்தில் குட்டி போட்டிருந்த அணில் பதறியது. "கடிச்சு விரட்டட்டுமா?"

"வேண்டாம்," என்றது பெஞ்சு. "மனுஷன் ரொம்ப நொந்துபோயிருக்கார். கொஞ்ச நேரம் உட்காரட்டும்."

மரம் மெல்ல அசைந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைத்தார். பக்கத்திலிருந்த பெண்மணி நீட்டிய கடலையை வாங்கி, தின்றுகொண்டே அவரோடு பேச ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்தது.

மறுபடி போன் அடித்தது.

"கடையை வேற இடத்துல கட்டிக்கலாம்ப்பா. இந்தப் பூங்காவுக்குப் பணம் ஒதுக்கணும். இன்னும் ரெண்டு பெஞ்சு போடணும்," என்றார் அவர்.

பெஞ்சு அணிலிடம் சொன்னது: "எனக்குத் தம்பிங்க வரப்போறாங்க."