பானு ஏறும் பஸ்

"வாசிடி. சத்தமா வாசி, அவன் காதுல விழணும்" என்றாள் சோலையம்மாள்.

மருமகள் முருகலட்சுமி நோட்டைப் பிரித்தாள். வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்த காளீஸ்வரன் நிமிர்ந்தான்.

"பொய்யா அர்த்தம் சொல்லிராத. போன்ல போட்டோ எடுத்தா அதுவே தமிழ்ல சொல்லிரும்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு ராமநாதபுரத்தில் முருகலட்சுமிக்கு நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. "எம் பொண்டாட்டி சம்பாதிச்சுத்தான் இங்கன உலை கொதிக்கணுமோ?" என்று அவள் போனைப் பிடுங்கி, சர்டிபிகேட்டையும் எங்கோ ஒளித்து வைத்துவிட்டான் காளீஸ்வரன். ஆங்கில வகுப்பும் நின்றது. நோட்டு மட்டும் பக்கத்து வீட்டு சிநேகாவோடு மெஹருன்னிசா டீச்சரிடம் போய்த் திருத்தம் பெற்று வரும். டீச்சருக்குச் சேதி சொல்ல அவளுக்கிருந்த ஒரே வழி அதுதான். அதையும் இன்று சோதித்து அனுப்பும்படி தாயிடம் சொல்லியிருந்தான்.

"நேரத்தைச் சொல்ற வார்த்தைய வச்சு வாக்கியம் எழுதச் சொன்னாங்க அத்தை. 'ஆஸ் சூன் ஆஸ்'. புருசன் வேலைக்குக் கெளம்புன ஒடனே பானு பஸ் ஏறுவா."

"யாருடி பானு?"

"புஸ்தகத்துல வாரவ."

"அடுத்தது?"

"'பை டென் ஓ கிளாக்'. பத்து மணிக்குள்ள பானு போய்ச் சேந்துருவா."

"எந்த ஊருக்கு?" கேட்டது காளீஸ்வரன். ஈரத்துணியோடு நிலைப்படிக்கே வந்துவிட்டான்.

"ஊரு... போடல."

"ம். மேல சொல்லு."

"'அன்டில்'. பானு வார வரைக்கும் அவ அக்கா பஸ் ஸ்டாண்டுலயே நிப்பா."

காளீஸ்வரன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். அதற்குள் சோலையம்மாள் நோட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். எழுத்தறியாத விரல் வரிவரியாக ஊர்ந்தது.

"தூ! இதுவும் ஒரு படிப்பா? புருசன் போறான், பொண்டாட்டி போறா, அக்காக்காரி நிக்கிறா! ஏலே, இந்தக் கூத்தக் கேக்கவா என்னைய ஒக்கார வச்ச? அடுப்புல கொழம்பு கெடக்கு. போயி ஒஞ் சோலியப் பாரு."

காளீஸ்வரன் சிரித்துவிட்டான். பைக் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்தது.

சோலையம்மாள் கதவைச் சாத்தினாள். குரல் இறங்கியது.

"எந்த பஸ்ஸுடி ஏறுவா ஒம் பானு?"

"அது... ஒம்பதே கால் பஸ்ஸு அத்தை."

"அதுல போனா பத்தரை ஆயிரும். எட்டே கால் பஸ்ஸுன்னு எழுது."

முருகலட்சுமி நோட்டை வாங்கி அப்படியே எழுதினாள்.

மாமியார் அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு, மகன் ஒளித்திருந்த சர்டிபிகேட் உறையை உருவி, அரிசியைத் தட்டி நோட்டின் மேல் வைத்தாள்.

"'பானு மொத சம்பளம் வாங்குற வரைக்கும் மாமியாக்காரி வாயத் தொறக்க மாட்டா'ன்னு அதையும் இங்கிலீசுல எழுதிரு."