மெதுவாகப் போகிற படகு

குளத்தின் மேல் காலை வெயில் சாயம் போனதுபோல் மங்கிக் கிடக்கிறது. சவாரிப் படகு ஓட்டும் தரணீதரன் இன்று அந்தப் படகை, ஆளைத் தேடப் போவதற்காகத் தயார் செய்கிறார். நேற்று மாலை தூண்டில் போட வந்து தண்ணீருக்குள் வழுக்கி விழுந்த முனீஸ் இன்னும் கிடைக்கவில்லை. அவன் மனைவி பாண்டியம்மாள், மாற்றுச் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டில் நிற்கிறாள். தரணீதரன் நீர் சொட்டச் சொட்ட மோட்டாரைத் தூக்கி நிறுத்துகிறார். புரொப்பெல்லரின் விசிறி இறக்கைகளில் நீலத் துணி ஒன்று முறுக்கிச் சுற்றியிருக்கிறது. அவள் தடதடவென்று படியிறங்கி வந்துவிடுகிறாள். “கட்டிங் வேஸ்ட்டுங்க அம்மிணி. பனியன் கம்பெனிக்காரங்க கொட்டறதுங்க” என்று அவசரமாக அறுத்து எறிகிறார். அவளுக்கு மூச்சு திரும்புகிறது. அவர் நட்டைக் கழற்றி, பளபளக்கும் அந்தப் புரொப்பெல்லரை உருவி வைத்துவிட்டு, பலகைக்கு அடியிலிருந்து கறுத்த இன்னொன்றை எடுத்து மாட்டுகிறார். மோட்டாரைத் தண்ணீரில் இறக்கி ஓடவிட்டு, வேகத்தைக் குறைக்கும் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இரைச்சலை முனகலாக்குகிறார். “அண்ணே, இது வெரசாப் போகுமா?” என்கிறாள் பாண்டியம்மாள். “இல்லீங்க. கழட்டுனதுதானுங்க வேகமாப் போகும்.” “பெறவு ஏண்ணே அத மாத்துனீக?” அவர் கையைத் துடைக்கிறார். துடைத்த கையையே மறுபடி துடைக்கிறார். “இது பாரம் இழுக்குமுங்க” என்கிறார் கடைசியில், தண்ணீரைப் பார்த்தபடி. மோட்டார் ஒரே சீராக முனகுகிறது. பாண்டியம்மாள் சட்டையின் மடிப்பைப் பிரித்து, அதைப் படியில் நீளக் கிடத்தி, கசங்கிய காலரை உள்ளங்கையால் நீவிவிடத் தொடங்குகிறாள்.