இரண்டே முக்கால் மில்லி குறைவு

மூன்றாவது முறை அளந்தபோதும் வெர்னியர் அளவுகோல் அதையேதான் காட்டியது. கம்பெனி அளவைவிட இரண்டே முக்கால் மில்லி குறைவு.

வந்தவர் இரண்டு புஷ்ராடுகளைக் கொண்டுவந்திருந்தார். ஒரு சாண் நீளம், பென்சில் கனம், உள்ளே குழல். எஞ்சினில் வால்வைத் தள்ளித் திறப்பது இந்தக் கம்பிதான். ஒன்று வளைந்திருந்தது. நான் அளந்தது நேராக இருந்த மற்றொன்றை.

"ரேஸ் வண்டிம்மா. ஸ்பிரிங்கக் கொஞ்சம் கெட்டியா மாத்தினேன், ராடு தாங்கல. இதே அளவுல எட்டு வேணும், ஆனா பலமா."

மூன்று லேத் பட்டறைகள் கைவிரித்த பிறகு என்னிடம் வந்திருக்கிறார். விரிக்காமல் என்ன செய்வார்கள்? இந்த அளவு ராடு எந்தக் கடையிலும் கிடையாது.

எனக்குத் தெரிந்து இந்த அளவு ஒரே ஒரு எஞ்சினுக்குத்தான்.

நானும் அண்ணனும் நாலு வருடம் பாடுபட்ட எஞ்சின் அது. நான் கட்டுவேன், அவன் ஓட்டுவான். ஒரு ரேஸில் ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியது தெரியாமல் விரட்டி, சூட்டில் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை வளைத்துக்கொண்டு வந்து நின்றான். தேய்த்துச் சமமாக்கினேன். அடுத்த ரேஸில் மறுபடியும் அதே கூத்து. மறுபடியும் தேய்த்தேன். ஹெட் உயரம் குறைந்தால் ராடும் குட்டையாக வேண்டும். எட்டையும் நானே வெட்டி முனை அடித்தேன்.

வேறு யாராவது இதே அளவு தேய்த்திருக்கலாம் என்று மனசு சப்பைக்கட்டு கட்டியது. முனையைத் திருப்பிப் பார்த்தேன். நான் வழக்கமாக அராவும் சின்னச் சரிவு இருந்தது. என் கை வேலை எனக்குத் தெரியாதா?

போன வருடம் ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருந்தபோது, அண்ணன் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். சோதனை ஓட்டத்தில் எஞ்சின் பிளந்துவிட்டது, வண்டியோடு பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்றான். சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். இனி ஸ்டியரிங்கையே தொடமாட்டேன் என்று சத்தியம் வேறு.

தையல் இழுக்க இழுக்க எழுந்து உட்கார்ந்து அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். "போனா போகுதுண்ணா, உனக்கு ஒண்ணும் ஆகலையே."

என்னைப்போல ஒரு முட்டாள் உண்டா? போன ஞாயிற்றுக்கிழமைகூட என் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அந்த எஞ்சின் பேச்சு வந்ததும் கண் கலங்கினான்.

யாரிடம் வாங்கினீர்கள் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். ஓட்டினவரே வண்டியோடு விற்றார் என்று சொல்லி, வந்தவர் அடையாளமும் சொன்னார். இடது புருவத்து வெட்டுக்காயம் உட்பட எல்லாம் அண்ணன்தான்.

அலமாரியில் இரண்டு வகைக் குழாய்கள் இருந்தன. வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி. உள்ளே ஒன்றின் சுவர் மெலிசு, மற்றது அதைப்போல இரண்டு மடங்கு. மெலிசை வெட்டிக் கொடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டாவது ரேஸில் ராடு வளையும், வால்வு பிஸ்டனில் இடிக்கும், அண்ணன் சொன்ன பொய் உண்மையாகிவிடும்.

கை முதலில் மெலிசின் பக்கம்தான் போனது. மறைப்பானேன்?

ஆனால் எஞ்சின் என்ன பாவம் செய்தது? கெட்டிக் குழாயை எடுத்து லேத்தில் மாட்டினேன்.

வெட்ட வெட்ட ஆத்திரம் தணிந்தது. அண்ணனுக்கு நானே வக்கீலாகிவிட்டேன். ஏதாவது நெருக்கடி இருந்திருக்கும். படுத்துக் கிடக்கிறவளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியிருப்பான். என் வைத்தியத்துக்காகவே விற்றிருந்தாலும் விற்றிருப்பான். எட்டாவது ராடு முடிவதற்குள் அவனைப் பாதி மன்னித்துவிட்டேன். கூடப்பிறந்த பாசம் அவ்வளவு வெட்கங்கெட்டது.

எட்டையும் கண்ணாடிப் பலகையில் உருட்டிக் காட்டினேன். ஒன்றுகூடத் துள்ளவில்லை, எல்லாம் நேர். வந்தவருக்கு வாயெல்லாம் பல்.

"இந்த எஞ்சினக் கட்டினவங்க உயிரோட இருந்திருந்தா எனக்கு இவ்வளவு அலைச்சல் இல்லம்மா. வண்டிய வித்தவரோட தங்கச்சியாம். ஆபரேஷன்ல போயிட்டாங்கன்னு சொல்லி அந்த மனுஷன் அப்படி அழுதாரு. நான்தான் ஆறுதல் சொல்லிட்டு வந்தேன்."

துணியில் கையைத் துடைத்தேன். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தேன்.

எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"போன வருஷம் ஜூலை பதினாலு. அன்னிக்கு என் பொண்ணு பிறந்த நாள், அதான் மறக்கல."

எனக்கு ஆபரேஷன் நடந்தது ஜூலை பதினாறாம் தேதி.

அன்று காலை ஆஸ்பத்திரித் தாளில், நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில், அண்ணன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது அவன்தான்.