முட்டி போட்டவள்

“அந்த முட்டி போட்ட பொண்ணு உங்க டீம்தானேம்மா?”

பேன்ட் உயரம் குறைக்க வந்தவர் கேட்டார். தையல் மெஷினில் இருந்த கணவர் தலை நிமிராமலே, “என் வீட்டுக்காரிதாங்க அந்த டீமுக்குக் கேப்டன்,” என்றார்.

“அப்படியா? பாத்த ஞாபகமே இல்லையே. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு கையெழுத்து வாங்கித் தருவீங்களா?”

கேப்டனுக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு மேட்சிலும் தேசிய கீதத்துக்கு விறைப்பாக நின்றிருக்கிறாள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. குருவி ஒரே ஒரு தடவை நிற்காமல் முட்டி போட்டாள், டீக்கடை வரைக்கும் அவள் முகம் தெரிந்துவிட்டது.

குருவி என்பது டீம் வைத்த பேர். ஆள் சின்னது, பந்து கிடைத்தால் பறந்துவிடுவாள். ஆலை வாசலில் சம்பளம் கேட்டு நின்றவர்களைப் போலீஸ் சுட்ட மறுவாரம், கீதம் ஆரம்பித்ததும் வரிசையில் அவள் மட்டும் முட்டி போட்டாள். “செத்தவங்களுக்காக,” என்று மேட்ச் முடிந்ததும் மைக்கில் சொன்னாள். பாதி நாடு திட்டியது, பாதி நாடு தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கேப்டனுக்கு இரண்டுமே பொறுக்கவில்லை.

“ஸ்கூல்ல முட்டி போடச் சொன்னா நாமெல்லாம் அழுவோம். இவ தானா போட்டுட்டு மாலை வாங்கிக்கிறா,” என்றாள், வந்தவர் போனதும்.

“அதுக்கும் ஒரு துணிச்சல் வேணும்ல.”

“என்ன பெரிய துணிச்சல்? அவ வீட்ல யாராவது அந்த ஆலைக்குப் போறாங்களா? எங்க சித்தப்பாதான் போறார். பேசறதுன்னா நான்தான் பேசணும்.”

கணவர் நூலைப் பல்லால் கடித்தார்.

அன்று பிற்பகல் விளையாட்டுச் சங்க அலுவலகத்தில் விசாரணை. செயலாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார். குருவி நின்றுகொண்டிருந்தாள். கேப்டன் என்பதால் அவளுக்கு மட்டும் நாற்காலி போட்டு, டீயும் வைத்திருந்தார்கள்.

“மைதானத்துல அரசியல் பேசக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?” என்றார் செயலாளர்.

“பேசவே இல்லையே சார். பாட்டு முடியற வரைக்கும் நான் வாயைத் திறக்கல.”

“இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. நாட்டுக்கு மரியாதை குடுக்கணுமா வேணாமா?”

“செத்தவங்களும் இந்த நாட்டுக்காரங்கதான் சார்.”

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த மரியாதையைக் கேப்டன் கவனித்தாள். தன்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

செயலாளர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“இங்க பாரும்மா. நீ சின்னப் பொண்ணு, நல்லா ஆடுற. இது உன் மூளையில உதிச்சதா எனக்குத் தோணல. யார் சொல்லிக் குடுத்தாங்க? பேரைச் சொல்லு, உன்னை ரெண்டு மேட்ச் உக்கார வச்சு விட்டுடறோம். சொல்லிக் குடுத்தவங்கதான் இனி ஆயுசுக்கும் ஆட முடியாது. சொல்லலேன்னா அது உனக்குத்தான்.”

செயலாளர் கேப்டன் பக்கம் திரும்பினார்.

“கேப்டன், உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“தெரியாது சார். தெரிஞ்சிருந்தா அங்கேயே தடுத்திருப்பேன்,” என்றாள் கேப்டன்.

“அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார்,” என்றாள் குருவி. “யாரும் சொல்லிக் குடுக்கல. யோசனை என்னோடதுதான்.”

ஆயுள் தடை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள் குருவி. வாசலில் கேமராக்காரர்கள் முண்டியடித்தார்கள். பின்னால் வந்த கேப்டனிடம் ஒருவன், “அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழறீங்க,” என்றான்.

கேப்டன் வீட்டுக்கு வந்து பையை மூலையில் எறிந்தாள். மெஷின் நின்றது.

“என்ன சொன்னாங்க?”

“ஆயுசுக்கும் தடை. யார் யோசனைன்னு பேரைச் சொல்லியிருந்தா ரெண்டு மேட்ச்சோட போயிருக்கும்.”

“அடப்பாவமே. யாரும் சொல்லிக் குடுக்காதப்ப அவ யார் பேரைத்தான் சொல்லுவா?”

“நான்தாங்க சொல்லிக் குடுத்தேன்.”

கணவர் அவளையே பார்த்தார்.

“மேட்சுக்குப் போற பஸ்ல அவகிட்ட சொன்னேன், ரெண்டு பேரும் சேந்து முட்டி போடுவோம்னு. பாட்டு ஆரம்பிச்சதும் எனக்குக் கால் மடங்கல. அவ போட்டுட்டா. சரி, அந்தப் பேரு புகழ் எல்லாம் அவளுக்கே போகட்டும்னு விட்டேன்.” மூலையில் கிடந்த பையைக் காலால் தள்ளினாள். “இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி, என் யோசனையையும் தன்னோடதுன்னு சொல்லிட்டா அவ. எனக்குன்னு ஒண்ணைக்கூட மிச்சம் வைக்க மாட்டாளா?”