குமிழி தீண்டாத மூலை

செகெத் நகரின் ஆய்வுக்கூடத்தில், சன்னல்களை மூடிய கறுப்புத் துணிக்குப் பின்னே நண்பகல் எரிகிறது. உள்ளே திரையின் ஒளி மட்டும் இபோயாவின் முகத்தில் விழுகிறது. நுண்ணோக்கியின் அடியில், கண்ணாடித் தகட்டின்மேல் அவள் விரித்த உயிரணுச் சவ்வு நீருக்குள் கிடக்கிறது. சமிக்ஞைப் புரதங்கள் திரையில் சிவப்புப் புள்ளிகளாய் வந்து அதில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. அவளிடம் எஞ்சியிருந்த அப்புரதத்தின் கடைசித் துளி இது. அவை சவ்வின்மேலேயே விழித்துச் செயல்படும் என்ற அவள் கருத்து சரியென்றால், துணைப் புரதம் பச்சையாய் வந்து அவற்றைப் பற்ற வேண்டும். துணைப் புரதம் கலந்த உப்புநீர் ஊசிக்குழலில் காத்திருக்கிறது.

"புள்ளியா இது? அழுக்கு! மூணு வருஷமா அழுக்கைக் கும்பிட்டுக்கிட்டு இருக்க," என்கிறான் உடன் ஆய்வாளன் கெர்கோ. "வேகமா ஒரு தண்ணி விட்டா எல்லாம் ஓடிடும், பாரு."

"தொடாத! கைய ஒடிச்சுடுவேன்!"

அவன் ஊசிக்குழலைப் பறித்து வெறியோடு அழுத்துகிறான். அதிலிருந்த காற்றை முதலில் வெளியேற்ற வேண்டும் என்பதை மறந்துவிட்டான். குமிழியொன்று உட்புகுந்து, காற்றுப் பட்டால் கிழியும் அச்சவ்வை உழுதுகொண்டு செல்கிறது. சென்ற வழியெல்லாம் இருள். இபோயா அவன் சட்டையைப் பற்றி அவனை அலமாரியில் தள்ளி முகத்தில் குத்துகிறாள். குப்பிகள் உருண்டு நொறுங்குகின்றன. அவன் மூக்கிலிருந்து வெள்ளை மேலங்கியில் இரத்தம் சொட்டுகிறது. அவள் மீண்டும் கையை ஓங்குகிறாள். அவனோ அவள் தோளுக்கு மேலாகத் திரையையே வெறிக்கிறான். குமிழி தீண்டாத மூலையில் சிவப்புப் புள்ளிகள் அவ்வெள்ளத்திலும் அசையவில்லை. ஒன்றின்மேல் பச்சை பாய்ந்து பற்றுகிறது, பின்னர் இன்னொன்றின்மேல்.

"இரு, இரு, அப்புறம் அடி! படம் எடு மொதல்ல!"

ஓங்கிய கை அவனை விட்டுவிட்டுப் பதிவுப் பொத்தானை அறைகிறது.