டிரெய்லரில் மூன்று ஓட்டைகள்
யூட்டா பாலைவனத்து மாலை வெயில் கராஜுக்குள் சிவப்பாகச் சாய்ந்து கிடக்கிறது. ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய டிரெய்லர், காடுமேடெல்லாம் சுற்றிவரத் தயாராகி நிற்கிறது. மேலே மடக்குக் கூடாரம், பின்னால் இழுத்தால் வெளியே வரும் அடுப்பு, முரட்டு டயர்கள். பக்கத் தகட்டில் மூன்று ஓட்டைகள். சண்டையில் குண்டு பாய்ந்த வண்டிபோலத் தெரிய வேண்டுமாம். ட்ரென்ட் சற்று முன்புதான் துளையிட்டு, விளிம்பைச் சுத்தியலால் உள்பக்கம் மடக்கியிருக்கிறான். கையிலிருக்கும் டிரில் இன்னும் சூடாறவில்லை. பக்கத்து வீட்டு முன்னாள் ராணுவக்காரி லோர்னா, கால் சற்றே இழுக்க, உள்ளே வருகிறாள். "அட, ஈராக்ல நான் இழுத்துக்கிட்டு அலைஞ்சது இதே மாதிரி வண்டிதான்டா!" சிரித்துக்கொண்டே தகட்டைத் தடவுகிற கை ஓட்டையில் நிற்கிறது. அஞ்சலி செலுத்துவதுபோலத் தொப்பியைக் கழற்றுகிறாள். சுண்டுவிரலை மெல்ல உள்ளே விடுகிறாள். "குண்டு பாஞ்சப்ப வண்டில யாராவது இருந்தாங்களா, ட்ரென்ட்?" தரையில் மினுங்கும் இரும்புச் சுருள்களின்மேல் அவன் பூட்ஸ் காலை நகர்த்தி வைக்கிறான். "தெரியல லோர்னா. ஏலத்துல எதுவும் சொல்லல." அவள் தலையாட்டியபடி விரலை வெளியே எடுக்கிறாள். நுனியில் புதிய இரும்புத்தூள் பளபளக்கிறது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தொப்பியைத் திரும்பவும் மாட்டிக்கொள்கிறாள்.